3 ஆண் பன்றியை வைத்து ஒரு நாட்டு இனத்தைக் காப்பாற்ற முடியுமா?

பட்டிக்காரன்:

தூய நாட்டுக் கருப்பு இனம், மொத்தம் 30 உருப்படி. 3 ஆண், 27 தாய்ப்பன்றி. ஆண்களில் இரண்டு ஒரே ஈற்றில் பிறந்தவை. வெளியே தேடினால் இன்னும் சில பட்டிகளில் சிதறலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியும் குறைகள்: ஈற்றுக்கு 8 குட்டி என்றிருந்த சராசரி 6-க்கு வந்துவிட்டது. பால்குடியிலேயே சாவது கூடியிருக்கிறது. ஆண் குட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு விதை மட்டும் இறங்குகிறது. தொப்புள் குடலிறக்கமும் தலைகாட்டுகிறது.

பெண் குட்டிகளில் நல்லதாக 20 பார்த்து நிறுத்தி 50 உருப்படியாக்கினால் இனம் தேறிவிடுமா? இல்லை, வெளி ஆண் கொண்டுவந்தே ஆக வேண்டுமா? கொண்டுவந்தால் அது கலப்பில்லாதது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பன்றி விந்தை உறையவைப்பது நடைமுறைக்கு ஆகுமா?

மரபுக்கணக்கு:

20 பெண்ணை நிறுத்துவதால் தீனிச் செலவுதான் கூடும். மரபளவில் ஏறக்குறைய ஒன்றும் மாறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பட்டியில் எத்தனை தலை நிற்கிறது என்பதை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது பயனுறு எண்ணிக்கை. சூத்திரம் எளிது: 4 × ஆண் × பெண், அதை ஆணையும் பெண்ணையும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். உங்கள் 3 ஆண், 27 பெண்ணுக்கு 324-ஐ 30-ஆல் வகுத்தால் 10.8. அதாவது 30 உருப்படி நின்றாலும் மரபு விஷயத்தில் அது 11 உருப்படிப் பட்டிதான். இரண்டு ஆண் உடன்பிறப்புகள் என்பதால் உண்மை நிலை இதற்கும் கீழே.

20 பெண்ணைக் கூட்டினால் 3 ஆண், 47 பெண். விடை 11.3. அரைப் புள்ளிகூட முழுதாக ஏறவில்லை. ஆண் மூன்றாக இருக்கும்வரை ஆயிரம் பெண்ணை நிறுத்தினாலும் 12-ஐத் தாண்டாது, ஏனென்றால் அடுத்த தலைமுறையின் மரபில் பாதி அந்த மூன்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதே பட்டியில் 3 ஆண் கூடுதலாக நிறுத்தினால், 6 ஆண், 27 பெண், 19.6. மூன்றே உருப்படியில் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

ஒவ்வொரு தலைமுறையிலும் உள்கலப்பு, அதாவது உறவுக்குள்ளேயே சேர்வதால் வரும் நெருக்கம், ஏறும் வேகம் 1-ஐ இரண்டு மடங்கு பயனுறு எண்ணிக்கையால் வகுத்தது. 10.8 என்றால் தலைமுறைக்கு 4.6 சதவீதம். ஐந்து தலைமுறையில் 21 சதவீதத்தை எட்டும். ஒரே ஈற்றுக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு 25 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஈற்றுக் குறைவு, பால்குடிச் சாவு, விதை இறங்காமை மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் எல்லை தலைமுறைக்கு 1 சதவீதம், அதாவது பயனுறு எண்ணிக்கை 50. 30 உருப்படிக்குள் அதை எட்டுவது கடினம். ஆனால் 11-லிருந்து 38-க்குப் போக வழி இருக்கிறது.

30 இடம்தான் இருக்கிறது என்றால் 8 ஆண், 22 பெண் என்று மாற்றுங்கள். சாதாரணக் கணக்கில் 23.5. அதற்குமேல் ஒரு கட்டுப்பாடு: ஒவ்வொரு ஆணுக்கும் பதிலாக அதன் மகன் ஒன்றே ஒன்று, ஒவ்வொரு தாய்க்கும் பதிலாக அதன் மகள் ஒன்றே ஒன்று. எந்தக் குடும்பமும் கூடுதலாகப் பங்கு போடக்கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. இப்படிச் சமமாக்கினால் கணக்கே வேறு: 3-ஐ 16 மடங்கு ஆணால் வகுத்து, 1-ஐ 16 மடங்கு பெண்ணால் வகுத்து, இரண்டையும் கூட்டித் தலைகீழாக்கினால் 38 வரும். உள்கலப்பு ஏற்றம் தலைமுறைக்கு 1.3 சதவீதம். ஒரு தலைகூடக் கூட்டாமல் கிடைக்கும் லாபம் இது. பதிவேடு ஒழுங்காக இருந்தால் போதும்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. இழப்பு தலைமுறைக் கணக்கில் நடக்கிறது, வருடக் கணக்கில் இல்லை. முதல் ஈற்றுக் குட்டியையே மாற்றாக நிறுத்தினால் வருடத்துக்கு ஒரு தலைமுறை ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது ஈற்றிலிருந்து எடுத்தால் தலைமுறை இரண்டு வருடத்துக்கும் மேலே நீளும். இறைச்சிப் பண்ணைக்காரர்கள் சீக்கிரம் மாற்றுவதைத்தான் சாமர்த்தியம் என்பார்கள். இனக்காப்பில் அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்.

காதுக்குறி:

மேலே சொன்ன சமப் பங்கை நடைமுறைக்குக் கொண்டுவர வட்ட முறைதான் சுலபம். 22 பெண்ணையும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு 5 அல்லது 6 பெண், 2 ஆண். பிறக்கும் பெண் குட்டி தாயின் குழுவிலேயே நிற்கும். ஆண் குட்டி அடுத்த குழுவுக்குப் போகும்: அ-வில் பிறந்தது ஆ-வுக்கு, ஆ-வில் பிறந்தது இ-க்கு, ஈ-யில் பிறந்தது அ-வுக்கு. இந்தத் திசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். அண்ணன் தங்கை சேர்க்கை தானாகவே அடைபட்டுவிடும். மகள்கள் பருவத்துக்கு வரும் முன் அந்தக் குழுவின் ஆணை மாற்றிவிட்டால் தகப்பன் மகள் சேர்க்கையும் நடக்காது. யாருக்கு யார் உறவு என்று ஒவ்வொரு முறையும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் பிரிவினையில் மட்டும் கவனம். உங்கள் இரண்டு சகோதர ஆண்களும் அவற்றின் மகள்களும் முடிந்தவரை ஒரே குழுவுக்குள் வரட்டும், சேர்க்கைக்கு அந்தக் குழுவுக்கு வேறு ஆணைக் கொடுங்கள். உறவுள்ளவற்றை நாலு குழுவிலும் தூவிவிட்டால் வட்டம் தொடங்கும் முன்பே கெட்டுவிடும்.

இந்த முறை எங்கே உடையும் என்றால், விதை நீக்கும் நாளில்தான். குட்டிகளுக்கு வாரக் கணக்கிலேயே விதை நீக்கிவிடுவது வழக்கம், அப்போது ஒரு ஆணின் கடைசி மகன்கூட அந்தக் கத்திக்குத் தப்பாமல் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஆணுக்கும் இரண்டு மகன், வெவ்வேறு தாய் வயிற்றுக் குட்டிகளாக, குறித்துவைத்து விட்டுவிடுங்கள். 8 மாதத்தில் ஒன்று வேலைக்குத் தயார் என்று உறுதியானபிறகு மற்றதைக் கழிக்கலாம். விதை இறங்காத குட்டியைக் கண்டிப்பாக நிறுத்தக்கூடாது. அதன் தாய் தகப்பன் இரண்டின் பெயரிலும் பதிவேட்டில் ஒரு குறி போடுங்கள், ஏனென்றால் அந்தக் குறையின் மரபு இரு பக்கத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக இரண்டையும் உடனே கழித்துவிடாதீர்கள். அந்த ஜோடியை மறுபடி சேர்க்காமல் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

ஒரு பருவத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரே ஆண். இரண்டு ஆணை ஒன்றாகப் பெண்களோடு அவிழ்த்துவிட்டால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறக்கும், பதிவேடு அன்றே பொய்யாகிவிடும். சினை நிற்கவில்லை என்றால் 21 நாள் கழித்து அடுத்த பருவத்தில் வேறு ஆணைக் காட்டுங்கள். சினைக்காலம் 114 நாள் என்பதால் ஈன்ற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினாலே எந்த ஆண் என்று சரிபார்த்துவிடலாம்.

அடையாளத்துக்குப் பிளாஸ்டிக் தோட்டை மட்டும் நம்பாதீர்கள். பன்றி ஒன்றின் காதை ஒன்று கடித்து இழுக்கும், தோடு போய்விடும். காது வெட்டுக்குறி ஆயுளுக்கும் நிற்கும். பன்றியின் வலது காதில் ஈற்று எண், இடது காதில் அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி என்பது. எதிரே நின்று பார்ப்பவரின் வலது அல்ல, பன்றியின் வலது. பாதிப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள். வலது காதில் இடத்துக்கு ஒரு மதிப்பு: 1, 3, 9, 27, நுனியில் 81. முதல் நான்கிலும் இரண்டு வெட்டுவரை போடலாம், நுனியில் ஒன்றுதான். 14-வது ஈற்று என்றால் 9-ல் ஒன்று, 3-ல் ஒன்று, 1-ல் இரண்டு. இப்படி 161 ஈற்றுவரை எண்ணலாம். பிறந்து முதல் மூன்று நாளுக்குள் வெட்டிவிட வேண்டும். வெட்டு ஆழமில்லாவிட்டால் வளரும்போது மூடிக்கொள்ளும், நுனிக்கு மிக அருகில் போட்டால் கிழிந்து இரண்டு வெட்டு ஒன்றாகிவிடும்.

ஈற்றுக்கணக்கு:

எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு மகள் என்றால் 4 குட்டி போடும் தாயும் 10 குட்டி போடும் தாயும் ஒன்றா? குட்டி குறைந்த இனத்தை யார் வளர்ப்பார்கள்? வளர்ப்பவருக்குக் கட்டுபடியாகாத இனத்தைப் பதிவேட்டில் வைத்து என்ன பயன்? 10 குட்டித் தாயின் மகள்களாக நிறுத்தினால்தானே ஈற்று ஏறும்?

மரபுக்கணக்கு:

கட்டுபடியாக வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் தேர்வைக் குடும்பத்துக்குள் வையுங்கள், குடும்பங்களுக்கு இடையே வேண்டாம். 4 குட்டித் தாயின் மகள்களில் எது நல்ல எடை, எதற்கு மடிக்காம்பு 12-க்குக் குறையாமல் இருபுறமும் சீராக இருக்கிறது, எது கால் நேராக நிற்கிறது என்று பார்த்து ஒன்றை எடுங்கள். 10 குட்டித் தாயிடமும் ஒன்றுதான்.

ஈற்றுக் குட்டி எண்ணிக்கையில் மரபின் பங்கு சிறியது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மீதி எல்லாம் தீனி, வயது, சேர்த்த நேரம், உடல்நிலை. ஏதோ ஒரு ஈற்றில் 10 போட்டது என்பதற்காக அதன் மகள் ஐந்தை நிறுத்தினால் கிடைக்கும் முன்னேற்றம் சொற்பம், இழக்கும் குடும்பங்கள் நிச்சயம். இவருடைய பட்டியில் 8 ஆக இருந்தது 6 ஆனதே உள்கலப்பால் என்றால், உறவில்லாத ஜோடி சேர்த்தாலே அதில் ஒரு பகுதி முதல் ஈற்றிலேயே திரும்பிவரும். அந்த வேகத்தில் தேர்வால் கொண்டுவர முடியாது.

அரிதான மரபுக்கூறு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். பட்டியில் 5 சதவீத அளவில் இருக்கும் ஒரு கூறு, 30 உருப்படியைத் தற்செயலாக எடுத்தால் முற்றாக விட்டுப்போகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழ். 10 உருப்படியை எடுத்தால் 36 சதவீதம். 4 எடுத்தால் 66 சதவீதம். நோய் தாங்குவதோ நாரும் தவிடும் தின்று வாழ்வதோ எந்தக் கூறில் ஒளிந்திருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் வெளியிலிருந்து எடுக்கும்போதும் ஒரே பட்டியில் 5 எடுப்பதைவிட ஐந்து பட்டியில் ஒன்றொன்று எடுங்கள்.

நிறப்பரிசோதனை:

வெளி ஆண் பற்றி. நிறத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு.

வெள்ளைப் பண்ணை இனங்களின் வெள்ளை ஓங்கு பண்பு. லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ் ஆணுக்கும் கருப்புப் பெண்ணுக்கும் பிறப்பவை வெள்ளையாகவே இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த வெள்ளைக் கலப்பை மறுபடி கருப்போடு சேர்த்தால் குட்டிகளில் பாதி கருப்பு. அந்தக் கருப்பில் வெள்ளைக்கான மரபணு துளியும் இல்லை, ஆனால் உடம்பில் கால்பங்கு வெளி ரத்தம் ஓடுகிறது. இதைத்தான் தூய நாட்டு இனம் என்று நம்பி வாங்குவார்கள். டியூராக் கலப்பு இன்னும் மோசம். அதன் சிவப்பு ஒடுங்கு பண்பு என்பதால், ஓங்கு கருப்பு உள்ள இனத்தில் முதல் தலைமுறை முழுக்கக் கருப்பாகவே பிறக்கும். இரண்டு தலைமுறை கழித்து ஈற்றில் ஒரு சிவப்புக் குட்டி விழும்போதுதான் விஷயம் வெளியே வரும், அதற்குள் பட்டி முழுக்கப் பரவியிருக்கும். காது மடிந்து முன்னே விழுவது, முதுகு நீளம், பின் தொடைத் திரட்சி போன்றவை சந்தேகத்தைக் கிளப்பலாம், சான்றாகாது.

ஆகவே டிஎன்ஏதான். மாதிரிக்கு முதுகிலோ வாலிலோ 20, 30 மயிரை வேரோடு பிடுங்குங்கள். கத்தரித்த மயிரில் வேர் இருக்காது, வீண். காகித உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். காது வெட்டும்போது விழும் துண்டை 95 சதவீத எத்தனாலில் போட்டுவைத்தால் அதைவிட நல்லது, ஒரு வேலையில் இரண்டும் முடிந்தது. பன்றிக்கென்று சுமார் 60 ஆயிரம் மரபுக் குறிப்பான்களை ஒரே தடவையில் படிக்கும் சோதனைச் சில்லு இருக்கிறது. அதில் கலப்பு விகிதமும் தெரியும், உண்மையான உள்கலப்பும் தெரியும்.

அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கை. அந்தச் சில்லு டியூராக், லேண்ட்ரேஸ், லார்ஜ் ஒயிட், பியட்ரெய்ன் போன்ற பண்ணை இனங்களையும் காட்டுப்பன்றியையும் வைத்துத் தயாரானது. உங்கள் இனத்துக்கே உரிய வேறுபாடுகள் அதில் இடம்பெற்றிருக்காது, அதனால் பன்மை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டாவது, தாய்வழி, தகப்பன்வழி இரு பக்கமும் ஒரேமாதிரி ஓடும் டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். துண்டின் நீளத்தை வைத்துப் பொது மூதாதை எத்தனை தலைமுறைக்கு முன் என்று மதிப்பிடலாம்: 16 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து) அளவில் நீளமானது மூன்று தலைமுறைக்கு முந்தைய உறவு, 5 என்றால் பத்துத் தலைமுறை. குட்டைத் துண்டுகள் பழைய வடு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நீண்டவை நேற்று நடந்த தவறு, அடுத்த ஜோடியிலேயே உடைத்துவிடலாம்.

புது ஆணுக்கு ஹாலோதேன் மரபணுச் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். பியட்ரெய்ன் கலப்பு வழியாக வரும். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் ஆண் பார்வைக்கு அருமையாக இருக்கும். உள்கலப்புள்ள பட்டியில் அதன் பேரப்பிள்ளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, குட்டிகள் வண்டியில் ஏற்றும் பதற்றத்திலேயே விறைத்துச் சாகும்.

காட்டுப்பன்றி உலவும் இடம் என்றால் வேலியையும் பாருங்கள். பன்றிக்கு 38 நிறமூர்த்தம் (குரோமோசோம்), மேற்கு ஐரோப்பியக் காட்டுப்பன்றிக்கு 36. ஆனாலும் சேர்ந்து 37 உள்ள குட்டி பிறக்கும், அந்தக் குட்டியும் பெருகும். எண் வேறுபாடு வேலியாகாது.

பட்டிக்காரன்:

8 ஆணை ஒரே இடத்தில் வைத்துத் தீனி போடுவது கஷ்டம். பக்கத்துப் பட்டிகளோடு ஆணை மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்ளலாமா? உறைவிந்து பற்றியும் சொல்லுங்கள்.

தடுப்புவேலி:

வளர்ந்த ஆணைப் பட்டிக்குப் பட்டி அனுப்பாதீர்கள். கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா, எலிக்காய்ச்சல், கருவையும் மூச்சையும் கெடுக்கும் பிஆர்ஆர்எஸ் வைரஸ் என்று சேர்க்கை வழியாகவும் விந்து வழியாகவும் போவன எல்லாம் அந்த ஒரே ஆண் தூக்கிக்கொண்டு சுற்றும். மாற்ற வேண்டியது பால் மறந்த குட்டியை, அதுவும் ஒருமுறை, ஒரு திசையில். வந்த குட்டி 30 நாள் தனிக் கொட்டிலில், தனி வாளி, தனி செருப்போடு. தினமும் பட்டி வேலையை முடித்துவிட்டுக் கடைசியாக அங்கே போக வேண்டும்.

ஆனால் எட்டு ஆணும் ஒரே பட்டியில் நிற்க வேண்டியதில்லை என்பது நல்ல யோசனை. காதுக்குறி சொன்ன நாலு குழுவை நாலு இடத்தில் வையுங்கள். இடத்துக்கு 2 ஆண்தான் வரும், தீனிப் பாரமும் பிரியும். இதற்கு வேறு காரணமும் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை கிடையாது, நுழைந்த பட்டியில் ஏறக்குறைய எல்லாம் சாகும், மிஞ்சுவதும் அரசு உத்தரவில் அழிக்கப்படும். ஹைட்டியில் 1979-ல் அது வந்தபின், 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் கிரியோல் பன்றிகளை முழுக்க ஒழித்தார்கள். பதிலாக இறக்கிய வெளிநாட்டு இனத்துக்கு நல்ல கொட்டிலும் விலைக்கு வாங்கும் தீனியும் வேண்டியிருந்தது, சிறு வளர்ப்பவர்களால் முடியவில்லை. ஓர் இனத்தின் கடைசி 100 பெண்ணும் ஒரே வேலிக்குள் இருந்தால் வைரஸுக்கு ஒரு ஜோடிச் செருப்பு போதும்.

ஓட்டல் எச்சத் தீனி நிறுத்தப்பட வேண்டும். அந்த வைரஸ் உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன் என்பார்கள், அண்டாவின் நடுவில் இருக்கும் கட்டி வேகாது.

திரவநைட்ரஜன்:

உறைவிந்து பன்றியில் ஆகும். மாட்டைப்போல் சுலபமில்லை.

பன்றியின் விந்தணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் குறைவு, குளிர் தாங்காது. 15 டிகிரிக்குக் கீழே சட்டென்று இறக்கினால் சவ்வு கிழிந்துவிடும். அதனால்தான் உறையாத விந்தை 17 டிகிரியில் வைக்கிறார்கள். விந்தோடு கலக்கும் சாதாரண பிடிஎஸ் நீர்ப்பிக் கரைசலில் 3 நாள் தாங்கும். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும். பக்கத்துப் பட்டிக்கு அனுப்ப இந்த 17 டிகிரி விந்தே போதும், பரிசோதித்த ஆணிடம் எடுத்ததாக இருந்தால்.

எடுக்கும்போது முதலில் வரும் 20 மி.லி. தெளிநீரை விட்டுவிடுங்கள், கிருமி அதில்தான் அதிகம். கூழ் உருண்டைகளைத் துணி வடிகட்டி பிடித்துக்கொள்ளும். ரப்பர் கையுறை வேண்டாம், லேடெக்ஸ் விந்தணுவைக் கொல்லும். வினைல் கையுறைதான். விந்தெடுக்க வைக்கும் பொம்மைப் பன்றிமேல் நாட்டு ஆண் ஏற மறுத்தால் வேறு ஆணின் மூத்திரத்தைப் பொம்மைமேல் தடவிக் காட்டுங்கள்.

உறையவைப்பது ஆய்வகத்தின் வேலை: முட்டை மஞ்சள், லேக்டோஸ் கலவையில் மெல்ல 5 டிகிரிக்கு இறக்கி, 3 சதவீதம் கிளிசரால் சேர்த்து, 0.5 மி.லி. ஸ்ட்ராவில் அடைத்து நைட்ரஜன் ஆவியில் உறையவைப்பார்கள். உருக்குவதுதான் உங்கள் கையில். 37 டிகிரி நீரில் 20 வினாடி, எண்ணிப் பார்த்து. வெளியே ஒட்டிய நீரை முழுக்கத் துடைத்துவிட்டு, அதே 37 டிகிரியில் இருக்கும் நீர்ப்பியில் விடுங்கள். ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும் விந்தணு ஊதி வெடிக்கும். ஸ்ட்ராவுக்கு 50 கோடி என்றால் ஒரு முறைக்குப் பத்து ஸ்ட்ரா, மொத்தம் 500 கோடி விந்தணு. உருகியது சில மணி நேரமே தாங்கும். முட்டை வெளிப்படுவதோ பருவத்தின் மூன்றில் இரண்டு பங்கு கழிந்தபிறகு. காலையில் நின்றுகொடுத்தது என்று காலையிலேயே போட்டுவிட்டால், முட்டை வரும் முன் விந்து செத்திருக்கும். பெரும்பாலான தோல்வி ஸ்ட்ராவால் வருவதில்லை, அவசரத்தால் வருகிறது.

எத்தனை ஆண் வேண்டும் என்றால், உறவு தள்ளிய 25. ஒரே ஆணின் 500 ஸ்ட்ரா இனத்தைக் காக்காது. விந்தை மட்டும் வைத்து வேறு இனப் பெண்ணிலிருந்து திரும்பக் கட்டினால் ஒவ்வொரு சேர்க்கையிலும் பாதி வெளி ரத்தம் கழியும். ஐந்தாவது தலைமுறையில் 97 சதவீதம் வரும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே போவதால் அது ஒருநாளும் திரும்பாது. கருவை உறையவைக்கலாம் என்றால், பன்றிக் கருவில் கொழுப்புத் துளிகள் நிறைந்திருப்பதால் அது விந்தைவிடக் கடினம். ஆகவே பெண் வழியை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர எளிய வழியில்லை.

பட்டிக்காரன்:

மூன்றாவது ஆணுக்கு வயது ஏறிவிட்டது, பொம்மை ஏறாது. சட்டென்று போய்விட்டால் அதன் வழி அவ்வளவுதானா?

திரவநைட்ரஜன்:

இப்போதே பெண்ணோடு விட்டு மகன் இரண்டைக் குறித்துவையுங்கள், முதல் வேலை அது. இறந்துவிட்டால் விதை இரண்டையும் பையோடு, விதைமேல் சுருண்டிருக்கும் குழாய் அறுபடாமல் எடுத்து, நாளத்தை நூலால் கட்டி, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி 5 டிகிரியில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தச் சுருள்குழாயில் இருக்கும் விந்தணு, வெளியே பீய்ச்சிய விந்தைவிடக் குளிரை நன்றாகத் தாங்கும், அதனால் இந்த இடத்தில் 17 டிகிரிக் கணக்கு வேண்டாம். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காமல் நடுவில் தடித்த துணியோ அட்டையோ கொடுங்கள், உறைந்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. இறப்புக்குக் காரணம் பன்றிக் காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தால் கத்தியையே வைக்கக்கூடாது, முதலில் கால்நடை மருத்துவருக்குத் தகவல். ஆய்வக எண்ணை இப்போதே வாங்கிக் கொட்டில் கதவில் எழுதிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை எடுப்பார்களா என்பதையும் கேட்டுக்கொண்டு.